முப்பத்து மூன்றாம் வயதில் முதல் வகுப்பு

புனித இஞ்ஞாசியார் என்றதும் நம் மனக்கண்முன் எழும் காட்சிகள் இரண்டோ மூன்றோதாம். 1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பாம்ப்லோனா கோட்டையில் அவர் காலை முறித்த பீரங்கிக் குண்டு. மன்ரேசா குகையில் அவர் ஆற்றிய தவம். 1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு அளித்த ஒப்புதல். ஜூலை 31ஆம் நாள் மறையுரைகளில் ஆண்டுதோறும் நாம் கேட்பவை இவையே. குகைக்கும் சபைக்கும் இடையே அம்மனிதர் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் மாணவராக இருந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1925இல் தோன்றிய சென்னை இலயோலா கல்லூரியின் வாயிலை நாள்தோறும் கடக்கும் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர், அப்பெயருக்கு உரியவர் முப்பத்து மூன்று வயதில் சிறுவர்களோடு அமர்ந்து இலக்கணம் படித்தவர் என்று?

நம் பங்குகளிலும், நாற்பதைக் கடந்தபின் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டப் படிப்பைத் தொடங்கும் இல்லத்தரசியரும் அலுவலர்களும் உளர். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று அவர்களைப் பார்த்துச் சிரிப்போரும் உளர். அவர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, இஞ்ஞாசியாரின் இப்பதினோர் ஆண்டுகள் பீரங்கிக் குண்டைவிடச் சுவையானவை என்பது நம் எண்ணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. படிக்கத் தொடங்கிய காலத்தில் அவர் குருவல்லர், துறவியும் அல்லர். நம்மைப் போன்ற பொதுநிலையினர். 1491இல் பாஸ்க்கு நாட்டு இலயோலா மாளிகையில் பிறந்து, அரச கருவூல அதிகாரி ஒருவரின் இல்லத்தில் பணியாளராக வளர்ந்து, வாள் வீச்சும் அரசவை நடத்தையும் கற்றவர். அழகாக எழுதத் தெரியும், காஸ்டில் மொழியில் கதைகள் படிக்கத் தெரியும், இலத்தீன் தெரியாது. அக்காலத்தில் இலத்தீன் தெரியாதவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்காது. 1523இல் எருசலேம் சென்று அங்கேயே தங்கிவிட விழைந்தார். புனித இடங்களைக் காத்து வந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர், தங்க இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இனி என்ன செய்வது என்று வழியெல்லாம் எண்ணிப் பார்த்தவர், பிறர் ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமாயின் சிறிது காலம் படிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். 'சிறிது காலம்' என்றுதான் அவர் எண்ணினார். எத்தனை பேருடைய படிப்பு இந்தச் சொல்லோடு தொடங்கியிருக்கிறது!

1524இல் பார்சலோனா திரும்பினார். இசபெல் ரோசெர் என்னும் அம்மையார் உணவுக்குப் பொறுப்பேற்றார். ஆர்தேவோல் என்னும் ஆசிரியர் கட்டணமின்றி இலக்கணம் கற்பிக்க முன்வந்தார். இடமும் உணவும் ஆசிரியரும் கிடைத்தபின் தடை என்ன இருக்க முடியும்? தடை அவருக்குள்ளேயே இருந்தது. வேற்றுமை உருபுகளையும் வினைத்திரிபுகளையும் மனப்பாடம் செய்ய அமரும் போதெல்லாம், இறைவனைப் பற்றிய புதுப்புது ஒளிகளும் இன்பங்களும் அவர் உள்ளத்தில் பெருகின. பாடம் ஏறவில்லை. விரட்ட முயன்றும் அவை விலகவில்லை.

இங்கே அவர் செய்த ஆய்வு கூர்மையானது. செபிக்கும்போதும் திருப்பலியின்போதும்கூட இத்தனை ஒளி நமக்கு வருவதில்லையே, இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஏன் வருகிறது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். விடை கிடைத்தது: இது அருளன்று, சோதனை. ஆசிரியரைக் கடலன்னை மரியா ஆலயத்திற்கு அழைத்துச் சென்று அமரச் செய்தார். தம் உள்ளத்தில் நடப்பதையெல்லாம் ஒளிக்காமல் கூறி, பார்சலோனாவில் உயிர்வாழ அப்பமும் தண்ணீரும் கிடைக்கும் வரை, இவ்விரண்டு ஆண்டுகளில் ஒரு வகுப்பையும் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அதன்பின் அச்சோதனை அவரை அண்டவில்லை என்று அவரே தம் தன்வரலாற்றில் கூறியுள்ளார்.

பக்தியைக் காட்டிப் படிப்பைத் தட்டிக்கழிப்பது நம்மிடையே அரிதன்று. தேர்வு நெருங்கும்போது நவநாளும் திருப்பயணமும் திடீரென இன்றியமையாதன ஆகிவிடுகின்றன. செபத்தின் இன்பமே செபமன்று எனக் கண்டுபிடிக்கப் படைவீரராக இருந்த ஒருவருக்கு இலத்தீன் இலக்கணம் தேவைப்பட்டது என்பதில் ஒரு நகைச்சுவையும் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் ஆசிரியர், இனிப் பல்கலைக்கழகம் செல்லலாம் என்றார். 1526இல் அல்காலா சென்றார். கர்தினால் சிஸ்னேரோஸ் நிறுவிய, அந்நாளில் புதிதாகத் தழைத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் அது. அங்கே வயது முதிர்ந்த மாணவர்களுக்கே உரிய அவசரம் அவரைப் பற்றிக்கொண்டது. இழந்த ஆண்டுகளை ஈடுசெய்ய வேண்டுமே! சோட்டோவின் தருக்க நூல், பெரிய ஆல்பர்ட்டின் இயற்கையியல், பீட்டர் லொம்பார்டின் இறையியல் ஆகிய மூன்றையும் ஏககாலத்தில் கேட்டார். அடித்தளமும் சுவரும் கூரையும் ஒரே நாளில் எழுப்ப முயன்றதற்கு ஒப்பாயிற்று அது. போதாக்குறைக்குப் பிச்சையெடுத்து உண்டு, ஏழைகளுக்கு உதவி, வந்தோர்க்கெல்லாம் ஆன்மீகப் பயிற்சிகளும் அளித்து வந்தார். படிப்பு எங்கிருந்து ஏறும்?

படிக்காத ஒருவர், துறவியும் அல்லாதவர், சாக்குத் துணி உடுத்து மக்களுக்கு விசுவாச உண்மைகளைக் கற்பிப்பது திருச்சபை அதிகாரிகளின் ஐயத்தைக் கிளறியது. 1527இல் நாற்பத்திரண்டு நாள் சிறையில் இருந்தார். தவறு ஒன்றும் காணப்படவில்லை. ஆயினும், மற்ற மாணவரைப் போல் உடுத்த வேண்டும். இன்னும் சில ஆண்டுகள் படித்து முடிக்கும்வரை விசுவாசக் காரியங்கள் குறித்துப் பேசலாகாது என்று தீர்ப்பாயிற்று.

சலமாங்காவுக்குப் போனார். சென்ற இரண்டு வாரத்திற்குள் தோமினிக் சபை மடத்தில் ஓர் ஞாயிறு விருந்துக்கு அழைப்பு வந்தது. விருந்து முடிந்ததும் விசாரணை தொடங்கியது. துணைத் தலைவர் எழுப்பிய வினா எளிதில் மறக்கக்கூடியதன்று. நீர் புண்ணியம், பாவம் பற்றிப் பேசுகிறீர். இவற்றைப் பற்றிப் பேசக் கல்வி வேண்டும், இல்லையேல் தூய ஆவி வேண்டும். உம்மிடம் கல்வி இல்லை. ஆகவே தூய ஆவியால் பேசுகிறீர் என்றாகிறது, அப்படித்தானா? இதுவே அவ்வினாவின் சாரம். ஆம் என்றால் செருக்கு, இல்லை என்றால் தோல்வி. அந்தத் தருக்கம் நேர்மையானதாக அவருக்குத் தோன்றவில்லை. மேற்கொண்டு பேச மறுத்துவிட்டார். மடத்தில் மூன்று நாள், பிறகு தோழர் ஒருவரோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு இருபத்திரண்டு நாள் சிறை. இம்முறையும் அவர் வாழ்விலோ போதனையிலோ பிழை காணப்படவில்லை. எனினும் நான்கு ஆண்டுகள் மேலும் படிக்கும்வரை, இது சாவான பாவம், இது அற்ப பாவம் என்று வரையறுத்துக் கூறலாகாது என்றனர்.

இத்தீர்ப்புகளை அநீதி என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது. அந்த நீதிபதிகளின் கடுமையில் அச்சம் கலந்திருந்தது உண்மை. லூத்தரின் பிரிவினை தொடங்கிப் பத்தாண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஆனால் அவர்கள் சுட்டிய குறை பொய்யன்று. பதினெட்டு மாதங்களில் இரண்டு பல்கலைக்கழகங்களைக் கண்டும் அவர் உருப்படியாக எதையும் கற்றிருக்கவில்லை. அதை அவரே உணர்ந்தார் என்பதற்குச் சான்று, அவர் அடுத்து எடுத்த முடிவு. தடை இல்லாத இடம் தேடி ஓடிப் போதிப்பதைத் தொடர்ந்திருக்கலாம். அவரோ, புத்தகங்களை ஒரு சிறு கழுதையின் மீது ஏற்றிக்கொண்டு பார்சலோனாவுக்கு நடந்தார். அங்கிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்டார். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டிருந்த வேளை. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பானியரை இரும்புக் கம்பியில் குத்திச் சுடுகிறார்கள் என்றுகூட நண்பர்கள் பயமுறுத்தினர். குளிர்காலத்தில், சற்றே சாய்த்து நடக்கும் காலோடு, தனியாக நடந்து 1528 பிப்ரவரி 2ஆம் நாள் பாரிஸ் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த முதற்காரியம் பின்னோக்கிச் சென்றதுதான். அவசரப்பட்டுப் படித்ததால் அடித்தளம் இல்லை என்று கண்டு, மொந்தேகு கல்லூரியில் மீண்டும் இலத்தீன் இலக்கணத்தில் சேர்ந்தார். முப்பத்தேழு வயதை எட்டிக்கொண்டிருந்தவர், மகன் வயதுச் சிறுவர்களோடு அமர்ந்தார். எராஸ்முஸ் முன்னர் அங்கே படித்து, அக்கல்லூரியின் அழுகிய முட்டைகளைத் தம் நூலில் ஏசியிருக்கிறார். கால்வின் படித்ததும் அங்கேதான். இஞ்ஞாசியார் நுழைந்த காலத்தையொட்டியே அவர் அங்கிருந்து வெளியேறினார். ஒரே கல்லூரியின் ஒரே பெஞ்சுகள்!

பணமோ விரைவில் தீர்ந்தது. பார்சலோனா நண்பர்கள் தந்த உண்டியலை மாற்றிப் பெற்ற இருபத்தைந்து பொற்காசுகளை, உடன் தங்கியிருந்த ஸ்பானிய மாணவன் ஒருவனிடம் பாதுகாக்கக் கொடுத்திருந்தார். அவன் அத்தனையையும் செலவழித்துவிட்டான். தவக்காலம் முடிவதற்குள் கையில் காசில்லை. திருப்பயணிகளுக்கென இருந்த சந்தியாகப்பர் சத்திரத்தில் இடம் கிடைத்தது. சத்திரக் கதவு விடிந்தபின் திறக்கும், மாலை மணியோடு அடைபடும். கல்லூரி வகுப்புகளோ விடியுமுன் தொடங்கும், இருட்டியபின் முடியும். சத்திரமோ தொலைவில். ஆகவே காலைப் பாடமும் போயிற்று, மாலைப் பாடமும் போயிற்று. இடையே பிச்சைக்கும் போக வேண்டும்.

பணிசெய்து படிக்கலாம் என்று பல பேராசிரியர்களிடம் வேலை தேடினார். ஆசிரியரைக் கிறிஸ்துவாகவும், மாணவர்களில் ஒருவரைப் பேதுரு, ஒருவரை யோவான் என்றும் எண்ணிக்கொண்டால் ஊழியம் இனிதாகும் என்று மனத்தளவில் திட்டமும் வகுத்திருந்தார். ஆனால் எவரும் அவரை வேலைக்கு ஏற்கவில்லை. நாற்பதை நெருங்கும் ஒரு வேலைக்காரனைக் கல்லூரியில் வைத்துக்கொள்ள யார்தான் விரும்புவர்!

கடைசியில் வழி சொன்னவர் ஒரு ஸ்பானியத் துறவி. ஆண்டுக்கு இரண்டு மாதம் பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று, அங்குள்ள ஸ்பானிய வணிகரிடம் ஓராண்டுக்கு வேண்டியதைப் பெற்று வந்தால், மீதி மாதங்களைப் படிப்புக்கே தரலாமே என்றார். இஞ்ஞாசியார் அவ்வாறே விடுமுறைதோறும் புரூஜ், ஆன்ட்வெர்ப் நகரங்களுக்குச் சென்றார். ஒருமுறை இங்கிலாந்துக்கும் போய் வழக்கத்தினும் மிகுதியாகக் கொணர்ந்தார். மிஞ்சியதை ஏழை மாணவர்க்குப் பகிர்ந்தார். மன்ரேசாக் குகையைப் போலவே இந்தப் பிளாண்டர்ஸ் சாலையும் அவர் வாழ்வில் முதன்மையானது என்பது நம் கருத்து. நாள்தோறும் இறைப்பராமரிப்பை நம்பிப் பிச்சையெடுப்பதே நிறைவாழ்வு என்று எண்ணியிருந்தவர், படிக்க வந்தவனுக்கு அதுவும் ஓர் இடையூறாகலாம் என்று இங்கே ஒப்புக்கொண்டார்.

பணத்தைச் செலவழித்த அந்த மாணவன் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஊர் திரும்பக் கப்பலுக்காக ரூவன் நகரில் காத்திருந்தபோது நோயுற்று, இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதினான். அவர் மூன்று நாள் உணவும் நீருமின்றி வெறுங்காலோடு நடந்து சென்று அவனைத் தேற்றி, கப்பலேற்றி, சலமாங்காவில் இருந்த தம் தோழர்களுக்கு அறிமுகக் கடிதமும் கொடுத்தனுப்பினார்.

1529 அக்டோபரில் புனித பார்பரா கல்லூரியில் மெய்யியல் தொடங்கினார். அறைத் தோழர் இருவர்: சவோய் நாட்டு இடையர் மகன் பீட்டர் பேபர், நவார்ரா நாட்டுப் பிரபு குடும்பத்துப் பிரான்சிஸ் சவேரியார். இருவருக்கும் வயது இருபத்து மூன்று, இவருக்கு முப்பத்தெட்டு. பேராசிரியர் பேஞ்ஞா, பாடங்களை இவருக்கு மறுமுறை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைப் பேபரிடம் ஒப்படைத்தார். இளையவர் மூத்தவருக்கு அரிஸ்டாட்டிலை விளக்கினார்; மூத்தவர் இளையவரின் மனக்கலக்கங்களைத் தீர்த்தார். பழைய சோதனை இங்கும் தலைகாட்டியது. பார்சலோனாவில் செய்ததையே செய்தார்: பேராசிரியரிடம் சென்று, உயிர்வாழ அப்பமும் நீரும் கிடைக்கும் வரை வகுப்பைத் தவறவிடேன் என்று வாக்களித்தார்.

கல்லூரித் தலைவர் தியோகோ தே கோவெயா என்னும் போர்த்துக்கீசியர். இஞ்ஞாசியாரின் சொல்லைக் கேட்ட மாணவர் சிலர் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டதும், ஞாயிறு வாதங்களுக்கு வருவோர் குறைந்ததும் அவருக்குச் சினமூட்டின. அனைவர் முன்னிலையிலும் ஆசிரியர்கள் பிரம்பால் அடிக்கும் தண்டனைக்கு ஏற்பாடாயிற்று. நாற்பதை நெருங்கும் மாணவனுக்குப் பிரம்படி! இஞ்ஞாசியார் தலைவரைத் தனியே கண்டு பேசினார். அடி தமக்கு வருத்தமன்று. தம்மைப் பின்பற்றும் இளைஞர்கள் மனம் முறிந்துவிடுவரே என்பதுதான் கவலை என்றார். கோவெயா அவர் கையைப் பற்றி மண்டபத்திற்கு அழைத்து வந்து, எல்லாரும் காண மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார் என்று, அவர் வரலாற்றை எழுதியவர்களுள் முதல்வரான ரிபதநேரா கூறுகிறார்.

தேர்வுகளை நாம் விரிக்க வேண்டியதில்லை. 1532இல் இளங்கலை. அதற்குரிய சடங்கு ஒன்றுக்குப் பொற்காசு ஒன்று செலவாகும் என்பதால் ஏழையான தாம் அதை ஏற்கலாமா என்று தயங்கி, ஆசிரியரின் அறிவுரைப்படி ஏற்றார். 1533இல் கற்பிக்கும் உரிமம். முதுகலைச் சான்றிதழ் 1535 மார்ச் மாதத்தது. இனிகோ என்னும் பிறவிப் பெயர் இஞ்ஞாசியுஸ் என்று இலத்தீனில் பதிவானதும் பாரிஸில்தான். நாம் அவரை அழைக்கும் பெயரே பல்கலைக்கழகம் தந்தது. இறையியலை ஒன்றரை ஆண்டு கற்பதற்குள் உடல்நலம் கெட்டு, தாய்நாட்டுக் காற்று வேண்டும் என்று மருத்துவர் கூற, பாரிஸை விட்டார். 1537 ஜூன் 24ஆம் நாள் வெனிஸ் நகரில் குருவானபோது வயது நாற்பத்தாறு.

அவர் பெரும் பண்டிதராகவில்லை. லைனெஸ், சல்மெரோன் போன்ற இளைய தோழர்கள் கல்வியில் அவரை எளிதில் விஞ்சினர். ஆனால் பட்ட பாடு எதையும் அவர் வீணாக்கவில்லை. இயேசு சபையின் சட்டத் தொகுப்பில், கல்வி பற்றிய நான்காம் பகுதியைப் புரட்டுவோருக்கு அல்காலாவும் சந்தியாகப்பர் சத்திரமும் அங்கங்கே தெரியும். முதலில் மொழி, பிறகு மெய்யியல், பிறகே இறையியல். ஒன்று வேரூன்றாமல் மற்றொன்று இல்லை. உறுதிகொடுத்த குருக்களின் இல்லங்களுக்கு நிலையான வருமானம் கூடாது என்றவர், மாணவர் இல்லங்களுக்கு மட்டும் அதை அனுமதித்தார். படிப்பவன் உணவுக்கு அலையலாகாது. நெடுநேரத் தவமும் செபமும் படிப்பவனுக்கு வேண்டா. கல்வி முழு மனிதனையும் கேட்கிறது. போதிய உறக்கம் வேண்டும்; உடல் கெடும் வேளையில் படிப்பு கூடாது. மன்ரேசாவில் நாளுக்கு ஏழு மணி நேரம் முழங்காலில் நின்றவர் வகுத்த விதிகள் இவை.

பிரம்பை எடுத்த கோவெயாதான், 1538இல், இந்தப் பாரிஸ் பட்டதாரிகளை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜானுக்குப் பரிந்துரைத்தவர். போகவிருந்த போபதில்லா நோயுற்றதால் அவருக்குப் பதிலாக 1540இல் ரோமையிலிருந்து புறப்பட்டவர் சவேரியார். 1542 மே மாதம் கோவா, அக்டோபரில் முத்துக்குளித்துறை. சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவர்களுக்குச் செபங்களைத் தாய்மொழியில் கற்பிக்க எவரும் இல்லை.

பாரிஸில் அரிஸ்டாட்டிலைக் கற்பித்தவருக்கு இங்கே வாய்திறக்க மொழியில்லை. வயது முப்பத்தாறு. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளமும் விசுவாச அறிக்கையும் கட்டளைகளும் பரலோக மந்திரமும் மங்கள வார்த்தை மந்திரமும் தமிழில் அமையச் செய்தார். அவற்றை ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கும் அவர், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கே சென்று, அன்பைவிடக் கல்வி மிகுந்த அறிஞர்களிடம் பித்தனைப் போல் கூவ வேண்டும் போலிருக்கிறது என்றும் எழுதுகிறார். மனப்பாடம் முடிந்ததும் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாளுக்கு இருமுறை, ஒரு மாதம், சிறுவரைக் கூட்டி வைத்து அச்செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் அவற்றைச் சொல்லித் தருமாறு சிறுவர்களிடம் கூறி அனுப்பினார்.